பண்ணை அறையின் பச்சை விளக்கு

என் அக்கா ஆபரேஷனுக்குப் போக மறுத்ததற்குச் சொன்ன காரணம் அரிசி அளவுள்ள ஒரு பச்சை விளக்கு. அந்த விளக்கு பொய் சொல்கிறது என்றாள். அது உண்மை பேசுகிற அன்றைக்குத் தானே பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதாகவும், அதுவரை சேலத்து டாக்டரம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும் தன்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சொன்னாள். விளக்குகளை ஒழுங்காக மினுக்க வைப்பது என் தொழில். அதனால் தங்கச்சி நான் அவள் சொன்னதை அப்படியே நம்பினேன்.

அக்காவின் கோழிப்பண்ணை நாமக்கல்லுக்கு வெளியே, நான் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்விடும் தூரம். முட்டைக்கோழி இல்லை, கறிக்கோழி. நாலு பக்கமும் அடைத்த நீளமான ஷெட். ஒரு முனையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும் அட்டைச் சுவர், மறுமுனையில் ஆளுயரக் காற்றாடிகள். காற்றாடிகள் இழுத்தால்தான் ஈரக்காற்று உள்ளே வரும், கோழி மூச்சுவிடும். வெயில் நாளில் அவை நின்றுபோனால் சோறு வடிக்கிற நேரம் போதும், ஷெட்டே அடங்கிவிடும். மாமா ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போடப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஷெட்டைப் பார்ப்பது அக்காதான். தீனி போடவும் தண்ணீர்க் குழாய் பார்க்கவும் ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி பண்ணையிலேயே தங்கியிருக்கிறார்கள். முன்பு தறி ஓட்டியவர்கள்.

ஷெட்டின் வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. காற்றாடிகளின் கண்ட்ரோல் பலகை, ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சு, உள்ளே இருக்கும் கேமராவின் ஒயர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எல்லாவற்றையும் இணையத்தோடு சேர்க்க ஒரு பெட்டியும் உண்டு. கரண்ட் போனாலும் பெட்டியும் கேமராவும் இன்வெர்ட்டரில் ஓடும். காற்றாடி நின்றால் அந்தப் பெட்டி அக்காவின் போனை அலறவைக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு மினுக்கினால் இணைய லைன் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் அதை விற்ற கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

போன சித்திரையில் அக்கா நாமகிரிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். கிளம்பும்போது விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், அது ஜம்மென்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் காலையிலேயே லைனை அறுத்துவிட்டிருந்தார்கள். மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தானாக மாறவில்லை. ஷெட்டின் சைரனுக்கு இருந்த பேட்டரி என்றைக்கோ செத்திருந்தது. தம்பதி பின்பக்கம் தீனி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் சத்தமே போடவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது காற்றாடிப் பக்கத்தில் பாதி ஷெட்டுக்குக் கோழிகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. அப்போதும் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்ததாம்.

அன்றிலிருந்து அக்கா பண்ணையை விட்டு நகரவில்லை. கடைக்குப் போனால்கூட ஓடிப்போய் ஓடிவந்தாள். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே, உப்புக் கம்மியாக இருக்கிறது என்று சொல்வதைப் போல, மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்றாள். எத்தனை நாளாக என்றேன். "அது ஆச்சு கொஞ்ச நாளு" என்றாள். இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் தெளிவாக எதுவும் தெரியவில்லை, கட்டியை எடுத்துத்தான் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார். அக்கா அதற்குள் கதவுப் பக்கம் போயிருந்தாள்.

"நான் படுத்துக்கிட்டா ஷெட்ட யாரு பாக்கறது?" என்றாள் பஸ்ஸில்.

"அவங்க ரெண்டு பேரு இருக்காங்க. நான் இருக்கேன். ஏதாவது ஒண்ணுன்னா போன் அடிக்கும்க்கா."

"போன் அன்னிக்கு எங்க அடிச்சுது? அந்த லைட்டு பொய் சொல்லுது சாமி. அத மொதல்ல பாரு. அது நெசம் சொன்னா அன்னிக்கே நான் வாரேன்."

அந்தப் பஸ்ஸிலேயே நான் மனதுக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

நான் வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். தறி, பம்ப்செட், பண்ணை என்று எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்களை இணையத்தில் சேர்க்கும் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்குக் கண் கிடையாது. தன் சர்க்யூட் பலகையில் சிப்பின் எந்தக் காலில் விளக்கு இருக்கிறது, எந்த வாசலில் எந்த ஒயர் வந்து சேர்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதற்காக ஒரு கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். வன்பொருள் விவரக் கோப்பு என்று பெயர். இந்தக் காலில் பச்சை விளக்கு, அது இந்த வாசலைப் பார்த்து மினுக்க வேண்டும் என்று அதில் எழுதினால், மென்பொருள் மறுபேச்சில்லாமல் நம்பும். இல்லாத விளக்கை எழுதிவைத்தால் இல்லாத விளக்கையே ஏற்றி அணைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். மனிதர்கள் என்னை இந்த அளவுக்கு நம்பியிருந்தால் நான் என்றைக்கோ தேர்தலில் நின்றிருப்பேன்.

கம்பெனியில் விளக்கு வேலை என்றால் இளக்காரம். பெரிய வேலைகளெல்லாம் முடிந்தபிறகு, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். பெட்டிக்குள் நடக்கும் மற்றது எதையும் வாங்குகிறவர் பார்க்கப்போவதில்லை, அவர் கண்ணுக்குத் தெரிவது இந்தப் பொட்டு வெளிச்சம் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு மனுஷி கல்யாணத்துக்குக் கிளம்புகிறாள்.

பழைய பெட்டியின் பொய்யைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. அதன் விளக்கு எல்லா வாசல்களுக்கும் பொதுவாகக் கட்டப்பட்டிருந்தது. கேமரா உள்ளிருந்து ஓயாமல் படம் அனுப்புவதால், வெளியே லைன் இருந்தாலும் செத்தாலும் விளக்கு மினுக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் கம்பெனியின் புதுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து மாட்டினேன். சோதனைக்கு ஒரு நிஜப் பண்ணை கிடைத்ததில் அவர்களுக்கும் சந்தோஷம். காற்றாடி நின்றால் மட்டுமல்ல, பண்ணையிலிருந்து பேச்சே வராமல் போனாலும் என் போனும் அக்கா போனும் அலறும்படி வைத்தேன். அக்கா அதைச் சட்டை செய்யவில்லை. கண்ணால் பார்க்கும் விளக்குத்தான் அவளுக்குக் கணக்கு. அவள் இல்லாதபோது அந்தத் தம்பதி பார்த்துச் சொல்வதற்கும் அதுதான் வேண்டும் என்றாள். சரிதான் என்று பட்டது.

விவரக் கோப்பில் பச்சை விளக்கை இணைய லைன் வரும் வெளிவாசலுக்கு மட்டும் கட்டினேன். பெட்டியை அணைத்து ஏற்றினேன். விளக்கு இருட்டாக இருந்தது. வெளி ஒயரைப் பிடுங்கினால் பளிச்சென்று எரிந்தது. பலகையில் அந்த விளக்கைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள், மின்சாரம் தாழ்ந்தால்தான் அது எரியும், அதைக் கோப்பில் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். நான் அந்தச் சொல்லை மாற்றி எழுதியிருந்தேன். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கறப்ப அணைஞ்சு கெடந்து, கெட்டுப்போனா எரியற வெளக்கு எந்த ஊர்ல இருக்குது சாமி?"

"ஒரு சொல்லு மாத்தணும்க்கா. அரை மணி நேரம்."

"மெதுவா மாத்து. அவசரமில்ல" என்றாள். அவசரம் எனக்குத் தெரியும். டாக்டரம்மா முகம் எனக்குத் தெரியும்.

மாற்றினேன். இப்போது ஒயர் இருந்தால் எரிந்தது, பேச்சு நடந்தால் மினுக்கியது, பிடுங்கினால் அணைந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்தாள், புடவையைச் செருகிக்கொண்டு பண்ணையை ஒட்டிய தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். வீட்டுச் சுவரில்தான் ரோட்டிலிருந்து வரும் லைன் மோடத்தில் சேர்கிறது. ரோட்டிலிருந்து வரும் அந்த ஒயரை உருவிவிட்டு அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"இப்ப என்ன பண்ணுது?"

நான் விளக்கைப் பார்த்தேன். அது மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் மோடத்துக்கும் நடுவே இருந்த ஒயர் அப்படியேதான் இருந்தது. அதற்கப்பால் உலகம் இல்லை என்பது பெட்டிக்குத் தெரியாது. அது வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கூப்பிடக் கூப்பிட விளக்கு மினுக்கியது. அன்றைக்குக் கோழிகள் செத்தபோது நடந்ததும் இதேதான். நான் அதையே புதுப் பலகையில் செய்து வைத்திருந்தேன்.

"மினுக்குதா?" என்றாள் திரும்பி வந்து.

"மினுக்குதுக்கா."

"பாத்தியா" என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தப் பேட்ச் கோழிகள் லாரி ஏறிப் போயின. ஷெட் காலியாக இருக்கும் சில நாட்களில் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று கெஞ்சினேன். பழைய உமியை அள்ள வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அப்புறம் நான் படுத்த படுக்கையில் இருக்கும்போது குஞ்சு வந்து இறங்கினால் என்ன பண்ணுவாய் என்றாள். குஞ்சு வந்து இறங்கியது. குஞ்சு வந்துவிட்டால் முதல் வாரம் சூடு காட்ட வேண்டும், நகரவே முடியாது. டாக்டரம்மா போன் செய்தார். நான் ஏதோ உளறினேன். மாமா வடக்கிலிருந்து கூப்பிட்டு, "நீ சொன்னாத்தான் அவ கேப்பா" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நான் என்ன சொல்வது? அவள் என்னிடம் ஒரு விளக்கைக் கேட்டிருக்கிறாள், அதை என்னால் கொடுக்க முடியவில்லை.

இந்த நாட்களில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கம்பெனிக் கூட்டங்களில் என் முறை வந்தால் என்ன கேட்டார்கள் என்று திரும்பக் கேட்டேன். குளிக்கும்போது கோப்பின் வரிகள் மனதில் ஓடின. அக்கா குனிந்து தீனித் தொட்டியைத் தூக்கும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதைப் பார்ப்பேன், உடனே லேப்டாப்பைத் திறப்பேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டியின்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. விளக்கின்மேலாவது இருந்தது.

கடைசியில் புத்தி வந்தது. கூப்பிடுவதற்கு மினுக்கக் கூடாது, பதில் வந்தால் மட்டும் மினுக்க வேண்டும். அதுவும் மோடத்தின் முணுமுணுப்புக்கு அல்ல, தூரத்தில் இருக்கும் எங்கள் சர்வர் பதில் சொன்னால் மட்டும். கோப்பில் பச்சை விளக்கை வெளிவாசலிலிருந்து அவிழ்த்துத் தனியாக ஒரு பெயர் கொடுத்து நிறுத்தினேன். பெட்டி கிளம்பும்போது ஓடும் ஒரு சின்ன நிரலில், சர்வரோடு பேசும் தனிப்பாதைக்கு அந்த விளக்கைக் கட்டி, அனுப்புவதைத் தள்ளிவிட்டு வருவதை மட்டும் காட்டச் சொன்னேன். எழுதியது கொஞ்சம்தான். ஆனால் அதற்குள் ஒரு பேட்ச் கோழி லாரி ஏறி, அடுத்த பேட்ச் குஞ்சும் வளர்ந்துவிட்டிருந்தது.

அக்கா மறுபடியும் வீட்டுச் சுவருக்குப் போய் லைனை உருவினாள். விளக்கு நின்றது. சொருகினாள், மோடம் எழுந்து நிதானத்துக்கு வந்ததும் மினுக்கியது. இன்னொருமுறை உருவினாள். நின்றது. கரண்டை நிறுத்திப் பார்த்தாள், கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள், தீனி போடும் அந்த அம்மாளை விட்டு உருவச் சொல்லித் தான் விளக்குமுன் நின்று பார்த்தாள். விளக்கு ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நான் எதிர்பார்த்த சிரிப்பு அவள் முகத்தில் வரவில்லை.

"செரி" என்றாள். "டாக்டருகிட்டச் சொல்லிப்போடு."

சனிக்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். மாமா ரயில் ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை நான் வாடகைக் காரோடு பண்ணைக்குப் போனபோது அக்கா தலைக்கு ஊற்றி, ஈரத் துண்டோடு, சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் செய்வதுதான். காற்றாடி மோட்டார்கள், ஜெனரேட்டர், கண்ட்ரோல் பலகை, தண்ணீர் மோட்டார், என் பெட்டி, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். எங்கள் பக்கத்தில் லாரியிலிருந்து மிக்ஸி வரை பொட்டு இல்லாத இயந்திரம் கிடையாது.

பை, பழைய ரிப்போர்ட்டுகள், மாற்றுப் புடவை எல்லாம் காரில் ஏறின. கிளம்பும்போது அக்கா, "ஒருக்கா வெளக்கப் பாத்துப்போட்டு வந்தர்றேன்" என்று அறைக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பெட்டியின் முன்னால் தீனி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எரியல" என்றாள்.

விளக்கு இருட்டாக இருந்தது.

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன், போனில் பண்ணை உயிரோடு இருந்தது, கேமராவில் கோழிகள் நடந்துகொண்டிருந்தன. லைன் இருக்கிறது. அப்படியானால் என் கோப்புத்தான். லேப்டாப்பைக் காரிலிருந்து எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் நுழைந்து கேட்டேன். விளக்கு எரிகிறது என்றது. மறுபடி கேட்டேன். எரிகிறது, அணைகிறது, எரிகிறது. என் கண்முன்னால் இருட்டாக இருப்பதை அது எரிகிறது என்று சாதித்தது. அதற்குக் கண் இல்லை என்பதை நான்தான் எல்லோருக்கும் பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

"எரியுதுக்கா, உள்ள எரியுதுன்னு சொல்லுது" என்றேன்.

"எங்கண்ணுக்குத் தெரியலயே சாமி."

தலைகீழ்ச் சொல் மறுபடி மாறிவிட்டதோ என்று அதை மாற்றி எழுதி, பெட்டியை அணைத்து ஏற்றினேன். இருட்டு. திரும்பப் பழையபடி மாற்றினேன். இருட்டு. விளக்குக்கு வேறு கால் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன், பெட்டி கிளம்பவே இல்லை, அதை மறுபடி எழுப்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வருகிறீர்கள் என்று கூப்பிட்டார்கள், வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். அந்தத் தம்பதி வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்கள். யார் இந்தப் பெட்டியைத் தொட்டது என்று அவர்கள்மேல் பாய்ந்தேன். "நாங்க ஏனுங்கம்மா தொடறோம்" என்றார் அந்தப் பெரியவர், பாவம். வெயில் ஏறிக்கொண்டே போனது.

"இன்னொரு நாளு போய்க்கலாம்" என்றாள் அக்கா. "இந்தப் பேட்ச் போகட்டும்."

பேட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. விளக்கே கருகியிருக்க வேண்டும், பெட்டியைப் பிரித்துவிடலாம் என்று ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்தேன். ஸ்க்ரூ எங்கே என்று முகப்பைத் தடவியபோது விரலில் ஏதோ மேடாக இடறியது. காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். பெட்டி முழுக்கப் பார்த்துவிட்டு அதை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்த அறையில் எல்லாவற்றிலும் பொட்டு இருக்கும், பொட்டைப் பார்த்து எங்கள் கண் நிற்காது. வழக்கமாக அக்கா பெட்டியின் உச்சியில் வைப்பாள். இன்றைக்கு முகப்பின் நடுவில், மிகச் சரியாக, விளக்கின் ஓட்டைமேல், தடிமனாக வைத்திருந்தாள்.

நகத்தால் சுரண்டினேன். பெட்டி மடியில் இருந்தாலும் ஒயர்கள் சேர்ந்துதான் இருந்தன. சந்தனம் உதிர்ந்த இடத்தில் பச்சை மினுக்கியது. காலையிலிருந்து மினுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நான் சிரித்தேன். ஒரு மாதிரி அழுகைச் சிரிப்பு. "அட போக்கா, பொட்டக் கொண்டுபோய் வெளக்கு மேல வெச்சிருக்கற. எந்திரி, நேரமாச்சு."

அவள் எழவில்லை. அவள் கைகள் மடியில் இருந்தன, விரலில் சந்தனம் காய்ந்திருந்தது.

"தெரிஞ்சுதான் வெச்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்றேன்.

"லைட்டு நெசத்தச் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. இனி என்ன சொல்லித் தப்பிக்கறது? பயமா இருக்குது சாமி. அறுத்துப் பாத்து அதுதான்னு சொல்லிப்போட்டா என்ன பண்றது? பாக்காத வரைக்கும் அது இல்லதான?"

எனக்கு வந்தது கோபம்தான். மாதக்கணக்கில் நான் தூங்காமல் கிடந்ததெல்லாம், கோப்பின் ஒவ்வொரு வரியையும் பிடித்துத் தொங்கியதெல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. "பயமா இருக்குதுன்னு அன்னிக்கே பஸ்ஸுல சொல்லியிருக்கலாமல்ல? இந்த வெளக்கக் கட்டிக்கிட்டு இத்தன நாளு என்னைய எதுக்குக்கா அலைய விட்ட?" என்று கத்தினேன். வாசலில் நின்றவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"லைட்டுன்னு சொன்னப்ப நீ தெனமும் வந்து எங்கிட்ட உக்காந்த. பயம்னு சொல்லியிருந்தா டாக்டருக்குப் போன் போட்டுக் குடுத்துப்போட்டு நீ உன்ற வேலையப் பாக்கப் போயிருப்ப."

அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அவள் எத்தனை வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் மினுக்கலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பெட்டியை ஆணியில் மாட்டினேன். அவள் பக்கத்தில் அதே மூட்டைமேல் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கு அதில் இடம் போதாது, இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அவள் என் தோளில் தலையை வைத்தாள், ஈரத் தலை, சட்டையில் ஊறியது. கார்க்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்தாள். அந்தத் தம்பதியிடம், "பச்சை மினுக்கறது நின்னா இவளுக்குக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். சேலம் வரைக்கும் என் கையை விடவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. டாக்டரம்மாவின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை, நான் எல்லாக் கோணத்திலும் முயன்று பார்த்துவிட்டேன். மாமா வந்து பண்ணையைப் பார்க்கிறார். நான் அக்காவோடு என் வீட்டில் இருக்கிறேன்.

தினமும் அவள் கேட்கிறாள். நேற்று மதியம்கூட, கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"வெளக்கு மினுக்குதா சாமி?"

முன்பென்றால் போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லியிருப்பேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.